லினக்ஸ் பிரவுசரில் பிளக்-இன்: எதை இன்ஸ்டால் செய்வது, எதைத் தொடக்கூடாது?

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்களைத் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்சுக்கு மாறியவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அதிலேயே கம்ப்யூட்டர் பழக ஆரம்பித்தவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையினரும் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வெப்சைட்டில் வீடியோ ஓடவில்லை. பிளக்-இன் எங்கிருந்து டவுன்லோட் செய்ய வேண்டும்?"

எந்த வெப்சைட்டிலிருந்தும் டவுன்லோட் செய்ய வேண்டாம் என்பதுதான் பதில். லினக்சில் பிரவுசருக்குத் தேவையான எல்லாமே மூன்று இடங்களில் இருந்துதான் வருகின்றன. முதலாவது உங்கள் லினக்சின் சாஃப்ட்வேர் மேனேஜர். இரண்டாவது பிரவுசரின் சொந்த செட்டிங்ஸ். மூன்றாவது பிரவுசரின் ஆட்-ஆன் பக்கம். இவற்றைத் தவிர வேறு யாராவது "இதை இன்ஸ்டால் செய்" என்று சொன்னால் கையை மௌஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்தப் பாடத்துக்கு லினக்ஸ் மின்ட் சின்னமன் பதிப்பையும், அதனுடன் வரும் ஃபயர்பாக்ஸ் பிரவுசரையும் எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு அதுதான் எளிது என்பது என் கருத்து. டெர்மினலைத் திறந்து கமாண்ட் எதுவும் டைப் செய்யப் போவதில்லை. எல்லாமே மௌஸ் வேலைதான்.

பிளக்-இன் எங்கே போயிற்று?

பிளக்-இன் என்பது பிரவுசருக்கு வெளியே தயாராகி, அதன் உள்ளே செருகப்படும் ஒரு சிறு புரோகிராம். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசர் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அப்போது பிரவுசருக்கு எழுத்தும் படமும் மட்டுமே காட்டத் தெரியும். வீடியோ, அனிமேஷன், விளையாட்டு என்றால் ஃப்ளாஷ், ஜாவா, ரியல் பிளேயர் போன்ற வெளியாட்கள் வரவேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அது பெரிய தலைவலி. அடோபி நிறுவனம் விண்டோசுக்குத்தான் முதலிடம் கொடுத்தது. 64 பிட் லினக்சுக்கு ஃப்ளாஷ் பல ஆண்டுகள் வரவேயில்லை. 32 பிட் பிளக்-இன்னை 64 பிட் பிரவுசரில் ஓட்டுவதற்கென்றே நடுவில் இன்னொரு புரோகிராம் போடவேண்டியிருந்தது. ஒரு ஃபைலை டவுன்லோட் செய்து, விரித்து, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் மொசில்லா ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, அதற்குள் பிளக்-இன்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி காப்பி செய்யவேண்டும். அந்தக் காலத்து வழிகாட்டிக் கட்டுரைகள் இன்னும் இன்டர்நெட்டில் கிடக்கின்றன. தேடினால் முதலில் வந்து நிற்பவையும் சில சமயம் அவைதான். அவற்றைப் படித்து அப்படியே செய்து பார்க்காதீர்கள்; ஒன்றும் நடக்காது.

காரணம் எளிது. குரோம் 2014-இல் லினக்சிலும், 2015-இல் மற்ற கம்ப்யூட்டர்களிலும் பழைய வகை பிளக்-இன்களை நிறுத்தியது. 2017 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 52, ஃப்ளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தியது. ஜாவா பிளக்-இன் அதோடு போனது. 2020 டிசம்பர் 31-இல் அடோபியே ஃப்ளாஷுக்கு முடிவு கட்டியது. 2021 ஜனவரி 12 முதல், மீதமிருந்த ஃப்ளாஷ் பிளேயர்களும் படம் காட்ட மறுத்தன. அதே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 85-இல் ஃப்ளாஷுக்கான இடமே இல்லை. செருகுவதற்குத் துளையே இல்லாத சுவரில் எந்த பிளக்கை மாட்டுவது?

ஆகவே இன்று ஒரு வெப்சைட் "உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையது, அப்டேட் செய்யுங்கள்" என்று சொன்னால், ஒன்று அந்தப் பக்கம் பல வருடங்களாகத் தூசி தட்டப்படாதது, அல்லது அது பொறி. நடுவில் வேறு விளக்கம் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஃபயர்பாக்ஸைத் திறந்து கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏ என்ற எழுத்தைத் தட்டுங்கள். ஆட்-ஆன் பக்கம் திறக்கும். இடதுபுறத்தில் எக்ஸ்டென்ஷன்ஸ், தீம்ஸ், பிளக்-இன்ஸ் என்று பிரிவுகள் தெரியும். பிளக்-இன்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

அங்கே பொதுவாக இரண்டே பெயர்கள்தான் இருக்கும். ஒன்று ஓபன் எச்.264. சிஸ்கோ நிறுவனம் இலவசமாகத் தரும் இது, பிரவுசர் வழியாக வீடியோ கால் பேச உதவுவது. இன்னொன்று கூகுளின் வைட்வைன். கட்டணம் செலுத்திப் பார்க்கும் சினிமாக்களின் பூட்டைத் திறப்பது. இரண்டையும் ஃபயர்பாக்ஸ் தானே வரவழைத்து, தானே புதுப்பித்துக்கொள்ளும். பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, நீங்கள் தேடிப் போய் இன்ஸ்டால் செய்யும் பிளக்-இன் என்று அங்கே எதுவும் இல்லை.

பிடிஎஃப் பார்க்கவும் ஒன்றும் தேவையில்லை. 2013-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 19 முதல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் எழுத்துகளைப் பூர்த்தி செய்து பிரின்ட் எடுப்பதையும் இப்போது அங்கேயே செய்யலாம்.

யூடியூப் ஓடுகிறது, மற்றது ஓடவில்லை

புதியவர்களை அதிகம் குழப்பும் இடம் இது. யூடியூப் பிரமாதமாக ஓடும். செய்தி வெப்சைட்டிலோ, யாரோ அனுப்பிய லிங்கிலோ உள்ள வீடியோ மட்டும் கருப்புக் கட்டமாக நிற்கும். கம்ப்யூட்டர் பழையதாகிவிட்டது என்று நினைப்பார்கள். அப்படியல்ல.

வீடியோவை அப்படியே அனுப்பினால் இடம் தாங்காது என்பதால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்கவும் மறுபடி விரிக்கவும் தெரிந்த புரோகிராமுக்குக் கோடெக் என்று பெயர். யூடியூப் பயன்படுத்தும் விபி9 போன்ற முறைகளுக்கு உரிமைத்தொகை கிடையாது. அதனால் அவற்றை ஃபயர்பாக்ஸ் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எம்பி4 ஃபைல்களில் அதிகம் காணப்படும் எச்.264 முறைக்கும், அதனுடன் வரும் ஏஏசி ஒலிக்கும் காப்புரிமைச் சிக்கல் உண்டு. அவற்றை ஃபயர்பாக்ஸ் தன்னுடன் சுமந்து வருவதில்லை. லினக்சில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடன் வாங்கிக்கொள்கிறது. அதே சிக்கலுக்காகத்தான் லினக்ஸ் மின்ட்டை இன்ஸ்டால் செய்யும்போது "மல்டிமீடியா கோடெக்ஸ் வேண்டுமா?" என்று தனியாக ஒரு கட்டத்தைக் காட்டி டிக் செய்யச் சொல்கிறார்கள். அவசரத்தில் டிக் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் கருப்புக் கட்டம்.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. மின்ட் மெனுவைத் திறந்து சவுண்ட் அண்ட் வீடியோ பிரிவுக்குப் போனால் இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள். இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும். கம்ப்யூட்டரைத் திறக்கும்போது கொடுக்கும் அதே பாஸ்வேர்டுதான். கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பல ஃபைல்கள் இறங்குவதால், மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் பேலன்ஸைப் பார்த்துக்கொள்வது நல்லது. முடிந்ததும் ஃபயர்பாக்ஸை முழுவதும் மூடி மறுபடி திறக்கவேண்டும். டேபை மட்டும் மூடித் திறந்துவிட்டு "அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் அதிகம்.

உபுண்டுவிலும் இன்ஸ்டால் செய்யும்போதே இதுபோன்ற ஒரு கட்டம் வரும். பெயர் சற்று மாறும். கூடுதல் மீடியா ஃபார்மட்டுகளுக்கு ஆதரவு வேண்டுமா என்று கேட்கும். டிக் செய்துவிடுங்கள்.

சினிமா வெப்சைட்டுகள்

கட்டணம் கட்டிப் பார்க்கும் வெப்சைட்டுகளில் பிழைச்செய்தி வந்தால் அது கோடெக் பிரச்சினை அல்ல, பூட்டுப் பிரச்சினை. முகவரிக் கட்டத்துக்குக் கீழே டிஆர்எம் என்று குறிப்பிட்டு ஒரு பட்டை வந்து எனேபிள் செய்யச் சொல்லும். அதைக் கிளிக் செய்தால் போதும். பட்டை வராவிட்டால், வலது மூலையில் மூன்று கோடுகள் உள்ள மெனுவில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடும் பெட்டியில் டிஆர்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பிளே டிஆர்எம் கன்ட்ரோல்ட் கன்டென்ட் என்ற வரிக்கு முன்னால் டிக் செய்யுங்கள். வைட்வைன் தானாக இறங்கும்.

லினக்சில் சில வெப்சைட்டுகள் படத்தை மிக உயர்ந்த தரத்தில் காட்டுவதில்லை. அது அவர்கள் எடுத்த முடிவு. அதைச் "சரிசெய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வரும் எக்ஸ்டென்ஷன்களுக்கு மயங்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன்: இங்கேதான் கவனம் தேவை

இதுவரை சொன்ன எதிலும் பெரிய ஆபத்து கிடையாது. இனி வருவதில் உண்டு.

பிளக்-இன் போன பிறகு அந்த இடத்தைப் பிடித்தது எக்ஸ்டென்ஷன். இது வெளியிலிருந்து செருகப்படுவது அல்ல. பிரவுசர் வகுத்த விதிகளுக்குள், பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. விளம்பரத்தைத் தடுக்க, பக்கத்தை மொழிபெயர்க்க, திரையைக் கருப்பாக்க என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

லினக்சுக்கு வந்தவர்களில் பலர் "இதில் வைரஸ் வராதாமே" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். கோடெக் இன்ஸ்டால் செய்யும்போது லினக்ஸ் பாஸ்வேர்டு கேட்டது அல்லவா? அந்தக் காவல்தான் அவர்களுடைய நம்பிக்கைக்குக் காரணம். ஆனால் எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் செய்யும்போது லினக்ஸ் பாஸ்வேர்டு கேட்பதே இல்லை. ஏனென்றால் அது லினக்சின் எந்த சிஸ்டம் ஃபைலையும் தொடுவதில்லை. நீங்கள் பேங்க் கணக்கைத் திறப்பது எங்கே? ஈமெயில் படிப்பது எங்கே? மின்கட்டணம் கட்டுவது எங்கே? எல்லாம் பிரவுசருக்குள்தான். வாசலில் காவலாளி நிற்கிறார், சரி. பீரோ இருக்கும் அறைக்குள் ஏற்கனவே ஒருவரை அழைத்து உட்காரவைத்துவிட்டால் காவலாளி என்ன செய்வார்? பாஸ்வேர்டு கேட்கும் கோடெக்கைவிட, பாஸ்வேர்டு கேட்காத எக்ஸ்டென்ஷன்தான் உங்கள் பணத்துக்கு அருகில் நிற்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தி கிரேட் சஸ்பெண்டர் என்று குரோமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். எழுதியவர் 2020-இல் அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான புரோகிராம் என்று அறிவித்து, எல்லோருடைய பிரவுசரிலும் செயலிழக்கச் செய்தது. ஸ்டைலிஷ் என்ற இன்னொன்று வெப்சைட்டுகளின் தோற்றத்தை மாற்றும். பயன்படுத்துபவர்கள் போகும் வெப்சைட் முகவரிகளையெல்லாம் சேகரிக்கிறது என்று தெரியவந்து, 2018 ஜூலையில் குரோமிலிருந்தும் ஃபயர்பாக்சிலிருந்தும் நீக்கப்பட்டது. இரண்டுமே ஒரு காலத்தில் நல்ல பெயர் எடுத்தவை. இன்ஸ்டால் செய்த அன்று நன்றாக இருந்தது என்பது அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது. எக்ஸ்டென்ஷன் தானாகவே அப்டேட் ஆகும். கைமாறியது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் எந்தப் புதியவருக்கும் முதலில் போட்டுக்கொடுப்பது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். பொய் டவுன்லோட் பட்டன்களில் பெரும்பாலானவை விளம்பரங்களாகத்தான் வருகின்றன. அவற்றை மறைத்தாலே பாதித் தொல்லை ஒழியும். அதை வைத்தே இன்ஸ்டால் செய்யும் முறையைப் பார்த்துவிடலாம்.

முன்பு சொன்ன ஆட்-ஆன் பக்கத்தை மறுபடி திறந்து, மேலே உள்ள தேடும் பெட்டியில் யூபிளாக் ஆரிஜின் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். மொசில்லாவின் பக்கம் புது டேபில் திறக்கும். ஒரே மாதிரிப் பெயர்கள் பல வரலாம். எழுதியவர் ரேமண்ட் ஹில் என்று இருப்பதையும், பெயருக்கு அருகில் ரெகமெண்டட் என்ற முத்திரை இருப்பதையும் பாருங்கள். மொசில்லா தானே பரிசோதித்துப் பரிந்துரைப்பவற்றுக்குத்தான் அந்த முத்திரை கொடுக்கிறது. அதைத் திறந்து ஆட் டு ஃபயர்பாக்ஸ் பட்டனை அழுத்துங்கள்.

இப்போது ஒரு சிறு பெட்டி வரும். எல்லோரும் படிக்காமல் கிளிக் செய்யும் பெட்டி இது. இந்த எக்ஸ்டென்ஷன் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று அதில் வரிவரியாக இருக்கும். ஆக்சஸ் யுவர் டேட்டா ஃபார் ஆல் வெப்சைட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும், பேங்க் பக்கம் உட்பட, படிக்கவும் மாற்றவும் முடியும் என்று அர்த்தம். விளம்பரத் தடுப்பானுக்கு அது தேவை. எந்தப் பக்கத்தில் விளம்பரம் இருக்கிறது என்று பார்த்தால்தானே தடுக்கமுடியும்? ஆனால் ஒரு கால்குலேட்டருக்கோ, கடிகாரத்துக்கோ, வால்பேப்பர் மாற்றுவதற்கோ அது எதற்கு? வேலைக்குப் பொருந்தாத அனுமதி கேட்டால் கேன்சல் செய்துவிடுங்கள். பொருந்தினால் ஆட் பட்டனை அழுத்துங்கள். அவ்வளவுதான், பிரவுசரை மூடித் திறக்க வேண்டியதுகூட இல்லை.

குரோம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால் முழு யூபிளாக் ஆரிஜின் அதில் இப்போது வேலை செய்வதில்லை; அதன் லைட் பதிப்பைத்தான் போடமுடியும்.

இவற்றைத் தேடிப் போகாதீர்கள்

வீடியோ டவுன்லோடர், இலவச விபிஎன், கூப்பன் தேடித் தருவது ஆகிய மூன்று வகைகளில் நான் புதியவர்களுக்கு எதையும் சிபாரிசு செய்வதில்லை. நல்லவை இருக்கலாம். அவற்றைப் பொறுக்கி எடுக்கும் அனுபவம் முதல் வருடத்தில் வராது.

தமிழில் டைப் செய்வதற்கு எக்ஸ்டென்ஷன் தேடுபவர்களும் பலர். தேவையே இல்லை. மின்ட்டில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் கீபோர்டு, அதில் லேஅவுட்ஸ் பகுதிக்குப் போய் கூட்டல் குறியை அழுத்தினால் தமிழ் கீபோர்டுகள் பட்டியலில் இருக்கும். தமிழ் 99-ம் உண்டு. பிரவுசரில் மட்டுமல்ல, எல்லாப் புரோகிராம்களிலும் அது வேலை செய்யும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் முன்பின் தெரியாத ஒருவரின் எக்ஸ்டென்ஷன் வழியாக அனுப்பவேண்டிய அவசியம் என்ன?

வீட்டில் பிள்ளைகளுக்குப் பழைய ஃப்ளாஷ் விளையாட்டு வேண்டும் என்றால் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ரஃபிள் என்ற இலவசப் புரோகிராம் ஃப்ளாஷ் ஃபைல்களை ஃப்ளாஷ் இல்லாமலே ஓட்டிக் காட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் வெப்சைட் 2020 நவம்பர் முதல் இதைக் கொண்டுதான் பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளையும் அனிமேஷன்களையும் பாதுகாத்து வருகிறது. அங்கே போனால் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே விளையாடலாம். எல்லா விளையாட்டும் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பொறிகள் லினக்சிலும் வரும்

"உங்கள் பிரவுசர் பழையது" என்று பக்கம் முழுக்க ஒரு செய்தி வந்து டவுன்லோட் பட்டன் காட்டினால், அந்த ஃபைல் விண்டோசுக்கானதாக இருந்தால் சாதாரண மின்ட்டில் ஓடாது. அதோடு தப்பித்தோம் என்று இருக்க முடியாது. மின்ட்டில் டெப் என்று முடியும் ஃபைல் இறங்கி, அதை இரட்டைக் கிளிக் செய்து பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் காவலாளியை நீங்களே விலக்கிவிட்டதாக ஆகும். ஃபயர்பாக்ஸ் அப்டேட் உண்மையில் வருவது கீழ்ப் பட்டையில் உள்ள கேடய வடிவ ஐகான் வழியாகத்தான். அதுதான் அப்டேட் மேனேஜர். வேறு எங்கிருந்தும் வராது.

2024 முதல் பரவிவரும் இன்னொரு தந்திரம் உண்டு. நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்கச் சொல்லி, ஒரு வரியை காப்பி செய்து கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்யச் சொல்லும். விண்டோஸ்காரர்களைத்தான் அதிகம் குறிவைத்தார்கள். லினக்ஸ் என்றால் டெர்மினலைத் திறந்து அதில் பேஸ்ட் செய்யச் சொல்வார்கள். எந்த நேர்மையான வெப்சைட்டும் மனிதரா என்று பார்ப்பதற்கு டெர்மினலைத் திறக்கச் சொல்லாது. டேபை மூடிவிடுங்கள்.

ஏற்கனவே எதையாவது போட்டுவிட்டீர்களா? ஆட்-ஆன் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன்ஸ் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு நினைவில்லாத பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து ரிமூவ் கொடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கைத் திறந்திருந்தால், வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ இருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே பேங்குக்கும், இந்தியாவில் உள்ளவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பேங்க் வேலைக்கு நான் தனி பிரவுசரே வைத்திருக்கிறேன். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து குரோமியம் என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடப் போடாதீர்கள். பேங்க், வருமான வரி, மின்கட்டணம் தவிர வேறு எதற்கும் திறக்காதீர்கள். ஃபயர்பாக்சில் இருக்கும் எந்த எக்ஸ்டென்ஷனும் குரோமியத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. சினிமா வெப்சைட்டுகள் அதில் பெரும்பாலும் ஓடாது, ஏனென்றால் வைட்வைன் அதனுடன் வருவதில்லை. நாம் அதை வைத்திருப்பது அதற்காக இல்லையே.